நோன்பு ஞாயிற்றுச் சூடு

ஞாயிறு மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு ரீவா ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்தாள். அன்று திறக்கக் கூடாத கதவு அது.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் நோன்பு. சனிக்கிழமை பிற்பகல் ஒருமுறை வயிறாரச் சாப்பிட்டால் ஞாயிறு மாலை வரை உணவு கிடையாது, தண்ணீரும் கிடையாது. மற்ற ஞாயிறுகளில் ரீவா வழிபாடு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு மணிக்கு இங்கே வருவாள். கண்ணாடிக் கலத்தில் குறைந்திருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவாள். பத்து நிமிட வேலை. ஓய்வு நாளில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதில் தவறில்லை, இதுவும் அப்படித்தான் என்று பேராசிரியர் வெர்ல் டோப்லர் சொல்லியிருந்தார். நோன்பு ஞாயிறு மட்டும் அதுவும் வேண்டாம் என்றார். முந்தைய சனிக்கிழமையும் இரண்டு மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அவள் விளக்கைப் போடவில்லை. சன்னலுக்கு வெளியே புகைமூட்டம் நின்றது. பதினோரு நாளாக அது பள்ளத்தாக்கை விட்டு நகரவில்லை. மலை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கலம் அமிழ்ந்திருக்கும் நீர்த்தொட்டியின் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

மேசை ஓரத்தில் பதிவுக் கருவி. அதன் பேனா தாளில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. ரீவா குனிந்து பார்த்தாள். இன்று பிற்பகல் இரண்டேமுக்கால் வரை நேர்கோடு. பிறகு மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

சூடு வந்துவிட்டது.

வேறொரு நாளாக இருந்தால் தொலைபேசிக்கு ஓடியிருப்பாள். இப்போது மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

போன மார்ச்சில் மாநிலத் தலைநகரில் இரண்டு வேதியியலாளர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து ஒன்றைச் சொன்னார்கள். சூரியனுக்குள் நடப்பது ஒரு கண்ணாடிக் குழாய்க்குள், அறைச் சூட்டில் நடக்கிறது என்றார்கள். கனநீரில் பல்லேடியம் என்னும் உலோகத்தின் கம்பியை நட்டு மின்சாரம் பாய்ச்சினால் போதும், கொடுத்ததைவிட அதிகச் சூடு வரும். உலகம் முழுக்க எல்லோரும் கம்பி நட்டார்கள். சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. மே மாதத்துக்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நவம்பரில் அரசு அமைத்த குழு, நம்பும்படியான சான்று இல்லை என்று எழுதியது.

வெர்ல் டோப்லர் செப்டம்பரில்தான் ஆரம்பித்தார். எல்லோரும் விட்டுவிட்டுப் போன நேரம். அவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் எண்ணெய்க் குழாய்களில் பிடிக்கும் துருவை ஆராய்ந்தவர். அதைப் பற்றி அவர் எழுதிய எந்தக் கட்டுரையும் திரும்பி வந்ததில்லை. கல்லூரியில் மேல்மாடி இயற்பியல்காரர்கள் இப்போது அவரைப் படிக்கட்டில் பார்த்தால், டீ கொதிச்சாச்சா வெர்ல் என்று கேட்டார்கள். டீ குடிக்காத சபையைச் சேர்ந்தவரிடம் கேட்பதால் அதில் இரண்டு பங்கு சிரிப்பு இருந்தது. யாரோ கதவில் ஒரு கெண்டியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வெர்ல் அதை அவிழ்த்துக் கழுவி அலமாரியில் வைத்தார். நல்ல கெண்டி என்றார்.

அக்டோபரில் முதல் முறை சூடு வந்தது. ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஞாயிறு பிற்பகல் ஏறி, திங்கள் காலை ரீவா வந்து தண்ணீர் ஊற்றும் வரை இருந்தது, பிறகு அடங்கியது. நவம்பரில் மறுபடி, டிசம்பரில், ஜனவரியில். நான்கும் நோன்பு ஞாயிறுகள்.

முதலில் கவனித்தது யார் என்று ரீவாவுக்குத் தெரியாது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அக்டோபரில் முதல் ஞாயிறன்று சபையின் பெரிய மாநாடு இருந்ததால் நோன்பு ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. சூடும் ஒரு வாரம் தள்ளித்தான் வந்தது. டிசம்பரில் ஒரு நாள் வெர்ல் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு கைகழுவும் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். அவர் எழுதிய கட்டுரையில் தேதிகள் இருந்தன. கிழமை இல்லை.

அந்தக் கட்டுரையை இதழ்க்காரர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை ஆசிரியர் ஒரு வழி சொன்னார். எங்கள் மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வருவார். அவர் தன் கண்ணால் சூட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அச்சிடுகிறோம். எந்த நாள் வசதி என்று கேட்டார். பிப்ரவரி ஐந்து, திங்கள் என்று வெர்ல் பதில் போட்டார். காரணம் சொல்லவில்லை.

அது நாளைக்கு.

இன்று காலை வழிபாட்டில் நோன்பு நாளுக்கே உரிய வழக்கப்படி யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் எழுந்து பேசினார்கள். அங்கே எழுபவர்கள் நம்புகிறேன் என்று சொல்வதில்லை, எனக்குத் தெரியும் என்றுதான் சொல்வார்கள். ரீவாவும் சொல்லியிருக்கிறாள். வெர்லின் மனைவி ஆர்வெல்லா போன வாரமே பெண்கள் கூட்டத்தில், இந்த மாத நோன்பில் திங்கட்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தாள். எழுபது குடும்பங்கள் பசியோடு உட்கார்ந்திருந்தன. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று தண்ணீர் கேட்டு அழுதது. அதன் தாய் வெளியே தூக்கிப் போனாள். வெர்ல் எழுந்தார். கலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிற சில விஷயங்கள் உண்டு என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

ரீவா அப்போது அவரைப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையின் அழுகை இன்னும் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் தாகம். தாகமாக இருப்பவளுக்குத் தண்ணீரைத் தவிர வேறு நினைவு வராது. நேற்று இரண்டு மணிக்குக் கலத்தில் தண்ணீர் ஊற்றினோம், நாளை எட்டு மணிக்குத்தான் மறுபடி ஊற்றுவோம் என்று நினைத்தாள். நம்மைப் போல அதுவும் இன்று தண்ணீர் இல்லாமல் இருக்கிறது என்று நினைத்தாள்.

நினைத்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. பாட்டு முடியும் வரை விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள்.

பதினொரு வருடத்துக்கு முன் கணவன் விட்டுப்போன பிறகு பள்ளிப் படிப்போடு வந்தவளை வெர்ல் இந்த அறையில் சேர்த்துக்கொண்டார். எடை போடவும் அளக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அவர் சொல்லாத ஒன்றையும் அவளாகவே செய்து வந்தாள். கனநீர் புட்டியின் கழுத்தில் ஓர் அட்டை கட்டியிருந்தாள். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி எடுத்தாள் என்று அதில் குறிப்பாள். சூட்டுப் பதிவேட்டில் அது கிடையாது. அங்கே ‘கோடு வரை ஊற்றப்பட்டது’ என்று மட்டும் இருக்கும்.

இப்போது அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மின்சாரம் தண்ணீரை இரண்டு வாயுவாகப் பிரிக்கிறது. வாயு மேலே போகிறது, தண்ணீர் குறைகிறது. இந்தக் கலத்துக்கு ஒரு நாளைக்கு எட்டு மில்லி. சனி இரண்டு மணியிலிருந்து திங்கள் எட்டு மணி வரை என்றால் பதினான்கு மில்லி குறைய வேண்டும். நோன்புக்கு மறுநாள் அவள் எப்போதும் பதினான்குதான் சிரிஞ்சில் எடுப்பாள். நோன்புக்கு அடுத்த நான்கு திங்கட்கிழமைகளில் அட்டை சொன்னது: பத்து, பத்தரை, பத்து, பத்து. மீதி நான்கு மில்லியைப் புட்டிக்கே திருப்பி ஊற்றியது அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் என்னவோ போல இருந்ததும் நினைவிருந்தது. சூடு வந்த சந்தோஷத்தில் அது மறந்துபோகும்.

அந்த நான்கு மில்லி எங்கும் போகவில்லை. பிரிந்த வாயு வெளியே போகாமல் கலத்துக்குள்ளேயே மறுபடி சேர்ந்து தண்ணீராகியிருக்கிறது. சேரும்போது சூடு வரும். பழைய சூடு. மின்சாரம் கொடுத்த சூடு. வாயு தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும் என்று அவர்கள் கணக்கில் கழித்துவிட்ட சூடு.

தொட்டியின் மூடியை எடுத்தாள். கைவிளக்கைக் கண்ணாடியின் மேல் சாய்த்தாள். சுண்டுவிரல் நீளக் கம்பி. அதன் தலை ஒரு நெல்லளவுக்குத் தண்ணீருக்கு வெளியே நின்றது. ஈரமில்லாமல் மினுங்கியது. நனைந்திருக்கும் பல்லேடியம் வாயுவைச் சும்மா விடும். உலர்ந்த பல்லேடியம் விடாது, பிரிந்ததை மறுபடி சேர்த்துவிடும். வேதியியல் முதலாண்டில் படிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும்.

தெரிந்திருந்தும் யாரும் பார்க்கவில்லை. மற்ற நாட்களில் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஊற்றப்பட்டுவிடும், தலை மூழ்கியே இருக்கும். அது வெளியே வருகிற ஒரே ஒரு நாளில் இந்த அறைக்குள் கண் கிடையாது.

ரீவா கோட்டைக் கழற்றினாள்.

சிரிஞ்சில் மூன்று மில்லி எடுத்தாள். அப்படியே ஊற்றினால் குளிர்ந்த தண்ணீர் என்று ஒரு சந்தேகம் வரும். தொட்டிக்குள் கால் மணி நேரம் முக்கி வைத்து, கலத்தின் சூடு ஏறிய பிறகு, சொட்டுச் சொட்டாக விட்டாள். கம்பியின் தலை மூழ்கியது. முக்காலியில் உட்கார்ந்து பேனாவைப் பார்த்தாள். பத்து நிமிடம் அது அசையவில்லை. பிறகு இறங்கியது. ஐந்தரைக்குள் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மூன்று மில்லியை உறிஞ்சி எடுத்தாள். பேனா ஏறியது.

ஊற்றினாள். இறங்கியது.

மறுபடி எடுத்தாள், ஏறியது. ஊற்றினாள், இறங்கியது. வெளியே இருட்டிவிட்டது. இப்போது விளக்கைப் போட்டாள். ஓய்வு நாளை மீறியாகிவிட்டது, இனி இருட்டில் உட்கார்ந்து ஆவதென்ன. மூன்றாம் முறை எடுத்தாள். பேனா ஏறுவதற்குக் காத்திருந்த நேரத்தில் எழுந்து நடந்தாள். குழாயைத் திறந்து மூடினாள். குடிக்கவில்லை. சன்னலில் புகைமூட்டம் மஞ்சளாகத் தெரிந்தது. ஏறாதே என்று பேனாவிடம் வேண்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். இத்தனை மாதம் ஏறு ஏறு என்று வேண்டிய பேனா.

ஏறியது.

மணி ஏழு. வெர்ல் வீட்டில் ஆறரைக்கு நோன்பு முடிக்கும் சாப்பாடு. கிழக்குக் கரையிலிருந்து வருகிற மதிப்பீட்டாளர் டாக்டர் லேத்தமும் அங்கேதான் தங்குகிறார். விடுதியில் விடமாட்டேன் என்று ஆர்வெல்லா சொல்லிவிட்டாள்.

தாளைக் கிழித்துச் சுருட்டினாள். சிரிஞ்சு கையில் இருந்தது. கம்பியின் தலை இப்போது வெளியே நின்றது. இப்படியே விட்டுப் போனால் காலை எட்டு மணிக்கு லேத்தம் வந்து பார்க்கும்போது ஒரு வாட் சூடு காத்திருக்கும். அவர் கையெழுத்துப் போடுவார். பேப்பரில் வரும். மேல்மாடிக்காரர்கள் படிக்கட்டில் ஒதுங்கி வழிவிடுவார்கள். யாரும் எதையும் செய்ததாக ஆகாது. செய்யாமல் விட்டதாகத்தான் ஆகும்.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

பிறகு கோடு வரை ஊற்றினாள். மூடியை வைத்தாள். புட்டி அட்டையில் எத்தனை மில்லி என்று குறித்தாள். நாள் என்ற இடத்தில் ஞாயிறு என்று எழுதினாள். கதவைப் பூட்டினாள்.

ஆர்வெல்லா கதவைத் திறந்தபோது ரொட்டி வாசனை வெளியே வந்தது.

"வாம்மா, வா. உன்னைத் தேடி ஆள் அனுப்பலாம்னு பார்த்தேன். பசியில எங்கேயோ விழுந்துட்டியோன்னு நெனச்சேன்."

சாப்பாட்டு அறையில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் போட்ட பச்சை ஜெல்லி. லேத்தம் ஒல்லியான மனிதர், ஐம்பது இருக்கும். முன்னால் ஆவி பறக்கும் கோப்பை. எழுந்து நின்று கைகொடுத்தார். பார்லியை வறுத்துப் பொடித்த பானம் ஒன்றைத் தனக்குக் கொடுத்திருப்பதாகவும் அது காபி இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகவும் சொன்னார்.

"இந்த ஊர்ல காபி கெடைக்காதுன்னு விமானத்துலயே சொன்னாங்க. நான் நம்பல. நேர்ல பார்க்காம எதையும் நம்பற பழக்கம் எனக்கில்ல."

வெர்ல் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து ரீவா பார்த்து மாதக்கணக்காகிறது. முடியை வெட்டியிருந்தார். கழுத்தில் கத்தரி பட்ட இடம் சிவந்திருந்தது. இவர் கிண்டல்தான் பண்ணுவார் என்று எதிர்பார்த்ததாகவும், மாறாக அரைமணி நேரமாகத் துருவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பதாகவும், தன்னுடைய எழுபத்திரண்டாம் வருடத்துக் கட்டுரையை லேத்தம் படித்திருக்கிறார் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் ஒரு சின்னப் பையனுடையதாகிவிட்டது.

லேத்தம் ரீவா பக்கம் திரும்பினார். "தினமும் தண்ணி ஊத்துறது உங்க கைதானாமே. நாளைக்கு இவரவிட உங்ககிட்டதான் நான் நெறைய கேக்கணும்."

"கேளுங்க" என்றாள் ரீவா. தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். உடம்பு முழுக்க இறங்குவது தெரிந்தது. இரண்டாவது கோப்பையையும் குடித்தாள்.

சாப்பாடு பாதியில் ஆர்வெல்லா, கீழே போய் பீச் பழ ஜாடி இரண்டு கொண்டுவரச் சொன்னாள். வெர்ல் எழுந்தார். நானும் வருகிறேன், ஒன்று நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ரீவா கூடவே எழுந்தாள். கோட்டுப் பையிலிருந்து சுருளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

நிலவறையில் ஒரு வருடத்துக்கான சாப்பாடு அடுக்கியிருந்தது. கோதுமை வாளிகள், பால்பொடி, உப்பு, ஆர்வெல்லாவின் எழுத்தில் வருடம் குறித்த ஜாடிகள். ஒரே ஒரு குண்டு விளக்கு. வெர்ல் எண்பத்தெட்டாம் வருடத்துப் பீச் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

ரீவா சொன்னாள். நின்றபடியே, வேலைநாள் அறிக்கை மாதிரி, வரிசையாகச் சொன்னாள். அட்டை, நான்கு மில்லி, கம்பியின் தலை. சுருளை விரித்துக் கோதுமை வாளிமேல் வைத்தாள். அவர் குனிந்தார். மூக்குக்கண்ணாடி கீழே நழுவியது, தள்ளிவிட்டுக்கொண்டார். முடிப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டதை அவள் பார்த்தாள். முப்பது வருடம் உலோகத்தோடு இருந்தவர்.

"எத்தன தடவ?"

"மூணு தடவ. ஊத்தினா எறங்குது. எடுத்தா ஏறுது."

"ஊத்தின தண்ணி குளிர்ந்திருக்கும்."

"தொட்டியிலயே வச்சு, சூடானப்பறந்தான் ஊத்தினேன். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

அவர் தலையாட்டினார். வாயுவெல்லாம் வெளியே போகிறதா என்று செப்டம்பரிலேயே அளந்து பார்த்ததைச் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வெளியே போயிற்று. கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியே இருக்கிறது.

"அன்னைக்குக் கலம் நெறஞ்சிருந்துச்சு பிரதர்" என்றாள் ரீவா.

வெர்ல் பக்கத்து வாளியின் மேல் உட்கார்ந்தார். ஜாடி மடியில் இருந்தது. வார நாட்களில் அவள் அவரை டாக்டர் என்று கூப்பிடுவாள், ஞாயிறு மட்டும் பிரதர். இன்று எதைச் சொல்வது என்று படியிறங்கும்போது அவளுக்கு ஒரு குழப்பம் இருந்தது. வாயில் அதுவாக வந்துவிட்டது.

"இன்னைக்கு ஏன் போனே?"

"தாகமா இருந்துச்சு."

வெர்ல் மறுபடி குனிந்தார். சுருளின் மேல் விரலை ஓட்டினார். தண்ணீர் ஊற்றிய பிறகு பேனா வந்து நின்ற மூன்று இடங்களிலும் விரல் நின்றது. பழைய நேர்கோட்டை அது முழுதாகத் தொடவில்லை. ஒரு மயிரிழை மேலே நின்றிருந்தது.

"இது என்ன? ஒரு வாட்டுல பத்துல ஒரு பங்கு இருக்கே."

"பேனா நடுக்கம்."

"மூணு தடவையும் மேல் பக்கமாவா நடுங்கும்?"

ரீவாவுக்கு அது தெரியவில்லை. நடுக்கம் என்றுதான் நினைத்தாள். பந்தயம் கட்டச் சொன்னால் கட்டமாட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் கோடு இறங்கியிருக்கலாம் என்றாள். இறங்காமலும் இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, அந்த மயிரிழையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் வேண்டும் என்றார், அவளிடம் இல்லை, ஜாடியிடம் சொல்வது போல. ஒழுங்கான மூடிய கலம் ஒன்று செய்து, வாயு ஒரு துளி தப்பாமல், ஒரு வருடம் பார்த்தால் இந்தப் பத்தில் ஒன்று என்னவென்று தெரிந்துவிடும். கட்டுரை வந்தால் ஒரு வருடம் கொடுப்பார்கள். வராவிட்டால் வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்யச் சொல்வார்கள்.

"எழுபது குடும்பம், ரீவா. இன்னைக்கு எழுபது குடும்பம் பட்டினி கெடந்துச்சு."

அவள் பங்கு பட்டினியும் அதில் உண்டு.

மேலே நாற்காலி நகரும் சத்தம். லேத்தம் ஏதோ சொல்ல ஆர்வெல்லா சிரித்தாள். பிறகு படியின் தலைப்பில் அவள் குரல் கேட்டது.

"பீச்ச எடுக்கப் போனீங்களா, மரத்த நடப் போனீங்களா? மனுஷன் கரண்டியோட உக்காந்திருக்காரு."

"வந்துட்டோம்" என்றார் வெர்ல்.

எழுந்தார். ஜாடியை அவளிடம் கொடுத்தார். இன்னொரு ஜாடியை எடுக்கவில்லை. சுருளை மெதுவாகச் சுற்றினார், ஓரம் சரியாகச் சேரும்படி. அதை அவளிடம் திருப்பித் தருவதா வேண்டாமா என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்திருந்தார். படிக்கட்டுச் சுவரில் ஆணி. ஆணியில் கார்ச் சாவி, அதே வளையத்தில் ஆய்வுக்கூடத்துச் சாவி. அவர் கண் அங்கே போய் வந்ததை ரீவா பார்த்தாள். ஜாடியின் குளிர் உள்ளங்கையில் ஏறியது.

முதல் படியில் கால் வைத்தவர் நின்றார். திரும்பவில்லை.

"இப்போ அந்தக் கலத்துல தண்ணி எந்த மட்டத்துல இருக்கு, ரீவா?"